மைசூர் அட்டாங்க யோகமும் "யோக மாலா" என்னும் நூலும்

ஆசனங்களைப் பற்றிய நூல்கள் பல அச்சாகி வந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலன, படங்களைக் காட்டிப் பயன்களை அடுக்கி, கற்பார் தம் வீட்டிலிருந்தே யாவற்றையும் கற்றுக்கொள்ளலாம் என்னும் நம்பிக்கையை ஊட்டுவன. மைசூரைச் சேர்ந்த பட்டாபி ஜோயிஸ் என்பார் கன்னடத்தில் எழுதி 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட "யோக மாலா" அவ்வினத்ததன்று. தான் விரித்துரைக்கும் பயிற்சியை ஆசிரியரின்றிக் கற்றல் தகாது என்பதை அந்நூலே வற்புறுத்துகின்றது. கன்னடம் அறியாத யான் 1999இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாகவே அதனைப் படித்தேன். மைசூரிற் பயின்று வந்த ஆசிரியர் ஒருவரிடம் மூன்றாண்டுகளாக அப்பயிற்சியைச் செய்தும் வருகின்றேன். ஆதலின் ஈண்டுக் கூறப்படுவது ஏட்டையும் உடம்பையும் ஒருங்கு வைத்து நோக்கிய ஒரு மதிப்பீடாகும்.

நூலாசிரியர் 1915இல் ஹாசன் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரிற் பிறந்தவர். 1927இல் ஹாசனில் திருமலை கிருஷ்ணமாச்சாரியார் ஆசனங்களைச் செய்துகாட்டக் கண்டு, அவரையே ஆசிரியராகக் கொண்டார். மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் 1933ஆம் ஆண்டு முதல் யோகசாலை நடத்தியவர் அக்கிருஷ்ணமாச்சாரியாரே. அங்குப் பயின்றோர் பெரும்பாலும் இளைஞர். துள்ளியெழுந்தும் கைகளால் நிலத்தை ஊன்றி உடலைத் தூக்கியும் செய்யும் வேகமான முறை அவர்க்கு ஏற்றதாயிற்று. பிற்காலத்திற் சென்னையிற் குடியேறிய கிருஷ்ணமாச்சாரியார், முதியோர்க்கும் நோயாளர்க்கும் ஏற்றவாறு தம் முறையைப் பெரிதும் மாற்றிக்கொண்டார். மைசூரில் நின்றுவிட்ட மாணவரோ தாம் இளமையிற் கற்ற வடிவத்தையே போற்றி, இலட்சுமிபுரத்தில் 1948இல் தொடங்கிய தம் பள்ளியில் அதனையே கற்பித்து வந்தார்.

அம்முறையின் உயிர் எண்ணிக்கையே. ஒவ்வோர் அசைவுக்கும் ஓர் எண் உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு மூச்சு உண்டு. மூச்சை உள்வாங்குகையிற் செய்வது ஒன்று, வெளிவிடுகையிற் செய்வது பிறிதொன்று. இதனை வின்யாசம் என்பர். சூரிய நமஸ்காரத்தின் முதல் வகைக்கு 9 வின்யாசங்களும் இரண்டாம் வகைக்கு 17 வின்யாசங்களும் கூறப்பட்டுள்ளன. மூச்சு தொண்டையில் மெல்ல ஒலித்தல் வேண்டும். மூலபந்தமும் உட்டியாணபந்தமும் நெகிழலாகாது. கண் நோக்க வேண்டிய இடமும் வரையறுக்கப்பட்டுள்ளது. சூரிய நமஸ்காரங்களின் பின் நிற்கும் ஆசனங்கள், அதன்பின் இருக்கை ஆசனங்கள், ஈற்றில் தலைகீழ் நிலைகள் என வரிசை மாறாது ஒன்றரை மணி நேரம் செல்லும். வியர்வை ஆறாகப் பெருகும். அதனைத் துணியால் துடைத்தெறியாது உடம்பிலேயே தேய்த்துவிட வேண்டுமென நூலாசிரியர் பணிக்கின்றார்! சனிக்கிழமையும் பூரணை அமாவாசை நாள்களும் ஓய்வு நாள்கள்.

இவ்வளவும் நூலிற் காணலாம். நூலைப் படித்து மட்டும் அறியவியலாதது கற்பிக்கும் முறையாகும். ஆசிரியத் தொழிலிற் பல்லாண்டு கழித்த எனக்கு இப்பயிற்சியில் முதன்மையாகத் தோன்றுவதும் அதுவே. விடியுமுன் ஓர் அறையில் இருபது முப்பதுபேர் கூடுகின்றனர். ஒருவர் சூரிய நமஸ்காரத்தோடு நிற்கின்றார். அவர்க்கு அருகில் இருப்பவர் முதல் வரிசை முழுவதையும் செய்கின்றார். மற்றொருவர் இரண்டாம் வரிசையில் இருக்கின்றார். ஆசிரியர் உரத்துப் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் தாம் கற்றது வரையும் தம் மூச்சின் அளவிற் செய்ய, அவர் இடையே நடந்து திருத்துகின்றார். ஓர் ஆசனம் செவ்வனே அமைந்த பின்னரே அடுத்தது கொடுக்கப்படும். கேட்டுப் பெறுவதற்கில்லை. வாரத்தில் ஒருநாள் மாத்திரம் ஆசிரியர் வடமொழியில் எண்ண, அனைவரும் ஒருங்கு செய்வர்.

நம் வகுப்பறைகளை நோக்குக. நாற்பது பிள்ளைகளை ஒரே நாளில் ஒரே பாடத்தில் நிறுத்தி, பரீட்சைத் திகதியை நோக்கி ஓட்டிச் செல்கின்றோம். முந்திய பாடம் விளங்காதவனும் அடுத்த பாடத்துக்கு வந்தேயாக வேண்டும். திண்ணைப் பள்ளியில் அவ்வாறிருந்ததில்லை. முன்னையது மனனமாகாதவனுக்குச் சட்டம்பியார் அடுத்ததைச் சொல்லார். மைசூர்ப் பள்ளி அப்பழைய வழக்கத்தை உடற்பயிற்சியிற் காத்து வைத்துள்ளது. யான் வெளிவாரி மாணவனாக, அச்சிட்ட குறிப்புகளையே ஆசானாகக் கொண்டு பட்டம் பெற்றவன். நாம் எந்தப் பாடத்தில் இடறினோம் என்பதை அருகிலிருந்து காட்டுவார் ஒருவர் இல்லாக் குறையை நன்கு அறிவேன். அதனாலேயே இம்முறையை மிகைப்படப் பாராட்டுகின்றேனோ என்னும் ஐயமும் எனக்கு இல்லாமலில்லை.

இனிக் குறைகளுக்கு வருவோம். முதற்குறை பெயரிலுள்ளது. அட்டாங்கமாவது இயமம் முதல் சமாதி ஈறாக எட்டு உறுப்புகள். பதஞ்சலியார் ஆசனத்துக்கு ஒதுக்கிய சூத்திரங்கள் மூன்றேயாம். நிலைபேறும் சுகமும் அங்குக் கூறப்படுமன்றி ஓர் ஆசனத்தின் பெயரேனும் கூறப்படவில்லை. திருமூலரும் மூன்றாந் தந்திரத்தில் எட்டுறுப்புகளையும் முறையே விரித்து, ஆசனத்தைச் சில பாட்டுகளில் முடித்துப் பிராணாயாமத்துக்கு மேற்செல்கின்றார். "யோக மாலா"வோ இயம நியமங்களைத் தொடக்கத்தில் விளக்குமாயினும், தன் பெரும்பகுதியை ஆசனங்களுக்கே ஈந்துவிடுகின்றது. வலிமையற்ற உடலாலும் அலையும் புலன்களாலும் இயம நியமங்களைக் காத்தல் அரிது. ஆதலின் ஆசனத்தில் தொடங்குக என்பது நூலாசிரியரின் விடை. விடை பொருத்தமற்றதன்று. ஆயினும், மூன்றாம் உறுப்பில் தொடங்கிய ஒருவன் முதலிரண்டுக்கு எப்பொழுது, எவ்வாறு திரும்புவான் என்பதற்கு நூல் வழி காட்டவில்லை. ஆசனத்துக்கு எண் உண்டு. வாய்மைக்கும் கொல்லாமைக்கும் அத்தகைய எண் யாது?

இரண்டாங்குறை பழைமை பற்றியது. இம்முறை முழுவதும் வாமன முனிவர் இயற்றிய "யோக குருண்டா" என்னும் சுவடியிலிருந்து பெறப்பட்டதென்றும், கிருஷ்ணமாச்சாரியார் அதனைக் கல்கத்தாவிற் கண்டாரென்றும், பின்னர் அச்சுவடியை எறும்புகள் அரித்துவிட்டன என்றும் கூறுவர். அதன் படி ஒன்றும் இதுகாறும் வெளிப்பட்டிலது. நோர்மன் ஸ்ஜோமன் 1996இல் வெளியிட்ட ஆய்வு, மைசூர் அரண்மனையில் வழங்கிய மற்போர், தேகாப்பியாசப் பயிற்சிகளின் சாயலை இம்முறையிற் கண்டது. மார்க் சிங்கிள்டன் 2010இல் எழுதிய நூல், அக்கால ஐரோப்பியத் தேகப்பயிற்சியோடு இதனை ஒப்பிட்டது. இவற்றைக் கண்டு, யாவும் மேனாட்டாரிடம் கடன் கொண்டவையே எனச் சிலர் கூறத் தலைப்பட்டனர். அதுவும் அவசரமே. பதினெட்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் "ஹடாப்பியாச பத்ததி" என்னும் வடமொழி நூல், கயிற்றிற் செய்வன உட்பட 112 ஆசனங்களை ஆறு தொகுதிகளாக வகுத்துக் கூறுகின்றது. அவற்றுட் பல அசைந்து செய்வன. மைசூர் அரண்மனையிற் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த "ஸ்ரீதத்துவநிதி" அதிலிருந்து எடுத்தாண்டுள்ளதென ஆய்வாளர் காட்டியுள்ளனர். அப்பத்ததியின் ஆசிரியர் பெயர் கபால குரண்டகர் என்பது. "குருண்டா" என்னும் சொல்லை இஃது நினைவூட்டுவது கருதத்தக்கது. எனவே வேகமான ஆசனப் பயிற்சி நம் நாட்டவர்க்குப் புதிதன்று. ஆனால் இன்று செய்யப்படும் இவ்வரிசையும் எண்ணிக்கையும் முனிவர் காலத்தன என்பதற்குச் சான்று இல்லை. இருபதாம் நூற்றாண்டில், கற்றறிந்த ஓர் ஆசிரியர் பழையனவற்றைத் தெரிந்து கோத்த புதிய மாலை எனக் கூறின் அதற்கு இழிவு யாது? சைவ மாணவர்க்குப் புராண வரலாற்றையும் சாசன வரலாற்றையும் வேறுபடுத்திக் கற்பிக்கும் நாம், யோகத்துக்கு மட்டும் வேறு நீதி வழங்கலாகாது.

ஒவ்வோர் ஆசனத்தின் முடிவிலும் அஃது இன்னின்ன பிணிகளைப் போக்குமென அடுக்கப்பட்டுள்ளது. மருத்துவச் சான்றின்றி எழுதப்பட்ட அப்பகுதிகளைப் படித்துவிட்டுக் கடந்து செல்லலாம். முழங்கால் வருத்தத்தைப் பற்றியோ மேலும் சில வரிகள் எழுதியிருக்கலாம்.

இவையெல்லாவற்றினும் பெரிய வினா ஒன்றுண்டு. இம்முறையில் ஆசிரியர் மாணவரின் உடலைத் தம் கையால் அழுத்தியும் திருப்பியும் திருத்துவர். மாணவர் தம்மை முற்றிலும் அவரிடம் ஒப்படைத்தல் வேண்டுமென்பது மரபு. பட்டாபி ஜோயிஸ் 2009இல் மறைந்தார். அதன் பின்னர், திருத்துதல் என்னும் பெயரால் அவர் தம்மை முறைகேடாகத் தொட்டார் எனப் பெண் மாணவர் பலர் வெளிப்படையாகக் கூறினர். அவர்க்குப் பின் பள்ளியை நடத்திய பேரர் சரத் ஜோயிஸ், முறையற்ற திருத்தங்களைத் தாமும் கண்டதுண்டென 2019இல் எழுதி வருத்தம் தெரிவித்தார். இதனை மறைத்து நூலை மட்டும் புகழ்தல் ஆசிரியர்க்கு அழகன்று. கற்பிக்கும் முறையை மேலே பாராட்டினேன். அம்முறையே இத்தீங்குக்கு இடமளித்தது என்பதையும் கூறக் கடமைப்பட்டுள்ளேன். அடுத்த ஆசனத்தைக் கொடுக்கவும் மறுக்கவும் ஒருவர்க்கே அதிகாரமுள்ள அறையில், வேண்டாவெனக் கூறுதல் மாணவர்க்கு எளிதன்று. அவர்களுட் பலர் பல்லாண்டு வாய் திறவாதிருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. குருபக்தியைப் பற்றி விரித்தெழுதிய நூலாசிரியர், குருவின் கை எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பற்றி ஒரு வரியேனும் எழுதியிருந்தால் நூல் நிறைவு பெற்றிருக்கும்.

எனக்குக் கற்பிக்கும் ஆசிரியர் இப்பொழுது, தொட்டுத் திருத்துமுன் ஒவ்வொருவரிடமும் இசைவு கேட்கின்றார். வேண்டாதார் தம் விரிப்பின் தலைப்பில் ஒரு சிறு மரவில்லையைக் கவிழ்த்து வைக்கலாம். இவ்வழக்கத்தால் கற்பித்தல் சிறிதும் குன்றவில்லை. கண்டிப்பும் குறையவில்லை. மரீசியாசனத்தின் நான்காம் வகையில், பின்புறம் கொண்டு சென்ற என் கைகள் ஒன்றையொன்று பற்றுவதற்கு இன்னும் இரண்டு விரற்கிடை உண்டு. அடுத்த ஆசனம் எனக்கு இன்னமும் கொடுக்கப்படவில்லை.