‘நைஸ்’ என்னும் சொல்லும் ஹென்றியின் கேலியும்

ஆங்கிலப் பாடக் கட்டுரைகளில் ‘நைஸ்’ என்ற சொல்லைக் கண்டாலே சிவப்பு மையால் அடித்துவிடும் ஆசிரியர்கள் உண்டு. நானும் அவர்களுள் ஒருவனாயிருந்தேன். எனக்குத் துணைநின்றவன், ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’ நாவலில் வரும் ஹென்றி டில்னி.

ஆஸ்டின் மறைந்தபின் 1817 டிசம்பரில் வெளிவந்த நாவல் அது. பாத் நகரை அடுத்த குன்றொன்றில் உலவும்போது, பதினேழு வயதுக் கேத்தரின், ஆன் ராட்கிளிஃபின் 1794ஆம் ஆண்டு நாவலொன்றை உலகிலேயே மிக ‘நைஸ்’ ஆன நூல் என்கிறாள். ஆங்கிலிக்கன் சபைக் குருவான ஹென்றி, நூலின் அட்டைக்கட்டு நேர்த்தியாய் உள்ளதென்கிறாளோ எனக் கேலி செய்கிறான். முன்னாளில் நேர்த்தி, செம்மை, நுண்மை ஆகியவற்றையே குறித்த சொல், இன்று எதற்கும் பொருந்தும் பாராட்டாகிவிட்டதென்பது அவன் வழக்கு.

அந்த ‘முன்னாள்’ எந்நாள்? இலத்தீனில் ‘நெஸ்கியுஸ்’ என்றால் அறியாதவன். அச்சொல் பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோது ‘நைஸ்’ என்பதற்கு ‘மூடத்தனமான’ என்பதே பொருள். பிறகு எளிதில் நிறைவடையாத நாசூக்கையும், அதன்பின் நுட்பத்தையும் குறித்தது. ‘இனிய’ என்னும் பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் பரவிற்று. ஹென்றி போற்றும் பொருளும் இடைவழியில் வந்ததே! மணத்தைக் குறித்த நம் ‘நாற்றம்’ இழிந்தது, இச்சொல்லோ உயர்ந்தது. தமிழிலும் அது சும்மா இருக்கவில்லை: மாவை ‘நைஸாக’ அரைக்கிறோம், கடன்காரரைக் கண்டதும் ‘நைஸாக’ நழுவுகிறோம்.

ஹென்றியின் பேச்சை ஆஸ்டினின் தீர்ப்பாகக் கொள்வோர், அவன் தங்கை எலினோரை மறந்துவிடுகின்றனர். நானும் மறந்தேன். அந்தச் சொல் பாராட்டாக அன்றி அண்ணனுக்கே பொருந்தும் என்கிறாள் அவள். அவனிடம் அறிவைவிட நாசூக்கே மிகுதியாம். அவன் விரும்பும் பழம்பொருளைக் கொண்டே அவனை மடக்குகிறாள். நூல் நன்றாய் இருக்கையில் அப்படிச் சொன்னால் என்ன என்று கேத்தரினும் கேட்டிருந்தாள். என் சிவப்பு மைக்கு எதிரே எந்த மாணவியும் அவ்வாறு கேட்டதில்லை. கேட்க நான் இடமளித்ததுமில்லை.

சொற்செம்மையைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்குமாறு அண்ணனை விட்டுவிட்டு, தங்களுக்குப் பிடித்த சொற்களாலேயே அந்நூலைப் புகழ்வோம் எனக் கேத்தரினை அழைக்கிறாள் எலினோர்.