கொழுந்தின் நிறையும் கணினியின் தீர்ப்பும்

செயற்கை நுண்ணறிவும் உயிரிப் பொறியியலும் மலையகச் சமுதாயத்தை எவ்வாறு மாற்றும் என்ற வினா எழும்போதெல்லாம், அது வருங்காலம் பற்றிய ஆருடமாகவே கொள்ளப்படுகின்றது. பெருந்தோட்ட வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு இக்கருத்து உடன்பாடாகாது. 1930களில் தேயிலைப் புழுவை அடக்குதற்கு ஜாவாவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவி கொண்டுவரப்பட்டது. 1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிறுவகம், தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்டு, தேர்ந்த தாய்ச்செடிகளின் ஓரிலைத் துண்டுகளிலிருந்து புதிய செடிகளை உருவாக்கும் முறையைப் பரப்பியது. தொழிலாளர் நாவில் 'வீ.பி. தேயிலை' என வழங்குவது இதுவே. டி.ஆர்.ஐ. 2025 போன்ற இனங்கள் தவறணைகளிலிருந்து மலைமலையாகப் பரவின.

விதைத் தேயிலை மலையில் ஒரு செடியைப்போல் மற்றொன்று இராது. வீ.பி. மலையிலோ ஆயிரம் செடிகளும் ஒரு தாயின் படிகளே. நமது கவிஞர்கள் தேயிலைச் செடியின் அடியில் முன்னோரின் உடலைக் கண்டனர். அச்செடியே பிடுங்கப்பட்டு வேறொன்று நடப்பட்டதை ஏனோ அவர்கள் பெரிதாகக் கவனிக்கவில்லை. செடி ஒருசீரானபோது, கொய்யும் கையிடமும் ஒருசீர்மை எதிர்பார்க்கப்படலாயிற்று என்பதே என் கருத்து. நியமித்த நிறைக்குக் குறைந்தால் 'அரைப்பேர்' என்பது பழைய வழக்கு. பேர் என்பது ஈண்டு நாட்சம்பளம். பெயர் என்றும் பொருள்படும் அச்சொல்லைப் பாதியாக்கும் இவ்வழக்கின் கொடுமை தனியே ஆராயத்தக்கது.

இவ்விடத்தில் என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' நினைவுகூரத்தக்கது. ஒருத்தி கொய்த கொழுந்தின் நிறையே அவளது நேர்மை மீதான ஐயமாக மாறுவது அக்கதையின் முடிச்சு. உழைப்பின் அளவுக்கும் மானத்துக்கும் உள்ள தொடர்பை இத்துணைச் செறிவாகக் காட்டிய கதைகள் நம்மிடையே மிகச் சிலவே. ஆயினும் விமர்சகர் பலர் அதனைத் தொழிலாளியின் தன்மான வெற்றியாக மட்டும் கண்டு அமைந்தனர். அங்கே ஐயுறுவோர் மனிதர் என்பதும், அவர்கள் முன்னிலையில் தன் கையின் திறனை மெய்ப்பிக்க அவளுக்கு இடமிருந்தது என்பதும் போதிய அழுத்தம் பெறவில்லை.

இன்று சில தோட்டங்களில் மின்தராசுகள் நிறுத்து, நிறையை நேரே கணினியில் பதிகின்றன. இதனை எடுத்த எடுப்பிலேயே பழிப்பது நேர்மையாகாது. கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் மனம்போனபடி நிறையைக் குறைத்த கணக்கப்பிள்ளையின் பழந்தராசு கருணையின் வடிவமன்று. பிழை செய்த கணக்கப்பிள்ளையோடு வாதிடலாம் என்பதைத் தவிர அதற்கு வேறு சிறப்பில்லை. அந்த ஒன்றும் சிறிதன்று.

இப்பதிவுகளைக் கொண்டு ஒவ்வொருத்தியும் நாளை எவ்வளவு கொய்ய வேண்டும் எனக் கணினி மதிப்பிடத் தொடங்கினால் நிகழ்வது யாது? கணினி கற்பது கடந்தகால எண்களையே. அவ்வெண்களோ அரைப்பேருக்கு அஞ்சி, காய்ச்சலையும் கருப்பத்தையும் மறைத்துக் கொய்த கைகளின் எண்கள். ஹட்டன் பகுதியில் சனவரி முதல் மார்ச் வரையிலான வறட்சியில் கொழுந்து குறைவு. கவ்வாத்து வெட்டிய மலை மீண்டும் தழைக்க மாதங்கள் செல்லும். சரிவான விதைத் தேயிலை மலையில் நடப்பதே ஒரு வேலை. இவை நிறையோடு சேர்த்துப் பதியப்படாவிடின், மலையின் குறை கொய்பவளின் சோம்பலாகவே கணக்கில் ஏறும். அச்சமும் நோயும் தரவு என்னும் பெயரில் நியாயமாகிவிடும்.

தொழிற்சங்கங்கள் சம்பளத் தொகைக்காகப் போராடிய அளவுக்கு நிறை நியமிக்கும் அதிகாரத்துக்காகப் போராடவில்லை. 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் சட்டமானபோதும், அத்தொகைக்கு எத்தனை கிலோ என்பதே பிரட்டுக்களத்தில் எழுந்த கேள்வி. அந்தக் கிலோவை இனிக் கணினி சொல்லுமாயின், தன் பதிவைத் தமிழில் வாசித்துப் பார்க்கவும் மறுத்துரைக்கவும் கொய்பவளுக்கு உரிமை எழுத்தில் வேண்டும். கூட்டு ஒப்பந்தத்தில் அதற்கென ஒரு வாசகத்தைக் கேட்பதற்கு, அவ்வியந்திரம் லயத்து வாசலுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.