இரண்டு ஆசிரியர்களும் ஒரு சதவீதமும்

‘ஆசிரியன் இறந்துவிட்டான்’ என்கிற வாக்கியத்தைத் தொண்ணூறுகளில் நம் சிறுபத்திரிகைகளில் எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்தோம்! ரொலாண்ட் பார்த் அறுபதுகளின் கடைசியில் எழுதிய சில பக்கக் கட்டுரை அது. அதை வைத்து இங்கே நடந்த சண்டைகளைத் தொகுத்தால் பல நூறு பக்கம் வரும். ‘ஆசிரியன் செத்துட்டான்னா சன்மானம் யாருக்குய்யா?’ என்று டீக்கடையில் கேட்ட நண்பர்களின் கேள்வியில் கிண்டலை விட விஷயம் அதிகம் இருந்திருக்கிறது. ஏனெனில் பார்த் ஒரு வாசிப்பு முறையாகச் சொன்னது இன்று சரக்காகவே கைக்கு வந்துவிட்டது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து யாரும் எழுதாத பிரதி என்பது கோட்பாட்டுப் பிரச்சினை அல்ல. எந்த மாணவரின் கைபேசியிலும் ஒரு நிமிஷத்தில் கிடைப்பது. கிடைத்ததும் பல்கலைக்கழகம் செய்த முதல் காரியம் என்ன? வாசகனின் பிறப்பைக் கொண்டாடவில்லை. ஆசிரியனைத் தேடிப் புறப்பட்டது, பிடித்துத் தண்டிப்பதற்காக.

இதில் ஆச்சரியப்பட ஏதுமில்லை. மிஷேல் ஃபூக்கோ 1969இல் ‘ஆசிரியன் என்பது என்ன’ என்று கேட்டு நிகழ்த்திய உரையில் இதற்கான வரலாறு இருக்கிறது. எழுதியவனைத் தண்டிக்க வேண்டிய தேவை எழுந்தபோதுதான் பிரதிகளோடு ஆசிரியப் பெயர் ஒட்டிக்கொண்டது, எழுத்தின் உடைமையாளன் என்கிற தகுதி அதற்குப் பிந்தியது என்பது அவருடைய வாதம். ‘நேச்சர்’ இதழ் 2023 ஜனவரியில் இயந்திரத்தைக் கட்டுரையாசிரியராகச் சேர்க்க முடியாது என்று அறிவித்தது. பதிப்பு நெறிகளுக்கான ‘கோப்’ அமைப்பு அடுத்த மாதம் அதையே சொன்னது. இரண்டும் சொன்ன காரணம் ஒன்றுதான்: இயந்திரத்தால் பொறுப்பேற்க முடியாது. கவனியுங்கள், இயந்திரத்துக்கு எழுதத் தெரியாது என்பது அங்கே காரணமாகச் சொல்லப்படவில்லை. தண்டனை வாங்கிக்கொள்ள அதற்கு உடம்பு இல்லை என்பதுதான் சிக்கல்.

‘பொறுப்பு’ என்பது ‘பொறு’ என்கிற வினையிலிருந்து வருவது. பாரத்தைப் பொறுப்பது. யார் தலையில் பாரம் ஏறுகிறது என்று பார்த்தால் ‘பொறுப்பான பயன்பாடு’ என்கிற சொல்லாடலின் அரசியல் பிடிபடும். பிரிட்டனின் ரஸ்ஸல் குழுமப் பல்கலைக்கழகங்கள் 2023 ஜூலையில் வெளியிட்ட ஐந்து கொள்கைகளில் ஆசிரியர்களைத் தயார் செய்வது, மதிப்பீட்டு முறையை மாற்றுவது என்று நிறுவனத்தின் கடமைகளும் இருந்தன. எனக்குப் பார்க்கக் கிடைத்த நம் ஊர்ச் சுற்றறிக்கைகளில் அந்தப் பாதி உதிர்ந்துபோய், மாணவர் கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழி மட்டும் மிஞ்சியிருக்கிறது. இயந்திரத்தைப் பழக்குவதற்காக, மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைந்த கூலியில், படிக்கவே கூசும் பிரதிகளைப் படித்து வகைபிரித்த கென்யத் தொழிலாளர்களைப் பற்றி ‘டைம்’ இதழ் 2023 ஜனவரியில் எழுதியது. அவர்கள் எந்தப் பொறுப்புப் பட்டியலிலும் இல்லை.

நம் பல்கலைக்கழகங்களில் இந்தக் கதை இயந்திரத்தோடு தொடங்கவில்லை, சதவீதத்தோடு தொடங்கியது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத்திருட்டுத் தடுப்பு விதிகளை நினைவுபடுத்திக்கொள்வோம். ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. தொடர்ச்சியாக 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போகலாம் என்று ஒரு சலுகையும் உண்டு. (14 சீர் என்றால் இரண்டு குறள். கணக்குப் போட்டவர் தமிழறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.) விதியின் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். அச்சு அசலாக இன்னொருவரின் ஆய்வேட்டைக் கொடுத்துப் பட்டம் வாங்கிய கதைகள் இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் நடைமுறையில் அந்த விதி என்ன செய்தது? வாசிப்பை எண்ணாக மாற்றிக் கொடுத்தது. ஒரு அத்தியாயத்தைப் படித்துவிட்டு, ‘இது ஒன்னோட நடை இல்லையேப்பா, எங்கருந்து எடுத்த?’ என்று கேட்கக்கூடிய மனிதர் தேவைப்படாமல் போனார். மென்பொருள் அறிக்கையில் 9 வந்தால் நேர்மை, 11 வந்தால் திருட்டு.

எண் வந்ததும் எண்ணைக் குறைக்கும் தொழிலும் வந்தது. ஜெராக்ஸ் கடை, பைண்டிங் கடை வரிசையில் ‘பர்சன்டேஜ் கொறச்சுக் குடுக்கிறது’ என்பதும் ஒரு சேவையாகிவிட்டது. சொல்லை மாற்று, செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்கு, பத்தியை இரண்டாக உடை. கருத்து அப்படியே இருக்கும், ஒப்புமை மட்டும் இறங்கும். செயற்கை நுண்ணறிவு பிடித்துக்கொண்டது இந்தக் கடையின் இடத்தைத்தான். அது தருகிற வாக்கியம் எந்த மூலத்தோடும் வரிக்கு வரி ஒத்துப்போவது அரிது என்பதால், 2018 விதியின் தராசில் அது பெரும்பாலும் சுத்தமான சொந்தச் சரக்கு. பதினாறு பக்கத்தை யோசிக்காமல் எழுதித் தந்தாலும் அறிக்கையில் ஒற்றை இலக்கம்தான். ஆகவே இன்னொரு சதவீதம் தேவைப்பட்டது: இது எத்தனை சதவீதம் இயந்திரம் எழுதியது?

இந்த இரண்டாம் சதவீதம் முதலாவதைவிட மோசம். ஒப்புமை அறிக்கையில் எந்த வரி எங்கிருந்து வந்தது என்று காட்ட மூலப் பிரதி ஒன்று இருக்கும், சரிபார்க்கலாம், மறுக்கலாம். இதில் மூலமே கிடையாது. அடுத்து வரும் சொல் எவ்வளவு எதிர்பார்க்கத்தக்கது என்பதை அளந்து, எதிர்பார்த்தபடியே சொற்கள் வந்தால் இயந்திரம், எதிர்பாராதபடி வந்தால் மனிதர் என்று ஊகிப்பதே இவ்வகைக் கருவிகள் பலவற்றின் அடிப்படை. சாட்ஜிபிடியைச் செய்த ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டறியும் கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டு ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இயந்திரம் எழுதியது என்று அவை முத்திரை குத்தின. காரணம் எளிது. கற்றுக்கொண்ட மொழியில் எழுதுகிறவர் பத்திரமான சொற்களையே எடுப்பார். அதே கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்துச் சொற்களை மெருகேற்றச் செய்தபோது தவறான முத்திரைகள் வெகுவாகக் குறைந்தன. அதாவது, மனிதர் என்று நிரூபிக்க இயந்திரத்தின் உதவி வேண்டும்.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிடினின் இந்த வசதியை நிறுத்தியது. அவர்கள் போட்ட கணக்கு எல்லாருக்கும் புரியக்கூடியது: 2022இல் அங்கே சமர்ப்பிக்கப்பட்டவை 75,000 தாள்கள். நிறுவனம் சொல்லும் ஒரு சதவீதப் பிழையை ஒப்புக்கொண்டாலும் 750 தாள்கள்மீது பொய்ப்பழி விழும். இந்தியாவில், ஹரியானாவின் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் முதுநிலைச் சட்டம் படித்த மாணவர், இயந்திரம் எழுதியது என்று சொல்லித் தன்னைத் தோல்வியுறச் செய்ததை எதிர்த்து 2024இல் பஞ்சாப்–ஹரியானா உயர்நீதிமன்றத்துக்குப் போனார். பல்கலைக்கழகம் அவரைத் தேர்ச்சி பெற்றவராக்கியது, வழக்கு முடிந்தது. எது சான்று என்கிற கேள்வி நீதிமன்றத்தில் விடை காணாமலே நின்றுவிட்டது. இவை எல்லாவற்றையும்விட டெக்சாஸில் 2023 மே மாதம் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் காமர்ஸ் வளாகத்தில் ஒரு ஆசிரியர் மாணவர்களின் கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடமே போட்டு, ‘இதை நீ எழுதினாயா?’ என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்று அது சொல்லியிருக்கிறது. மதிப்பெண்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அந்த இயந்திரம் எதற்கும் ஆமாம் சொல்லும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

தமிழில் எழுதியவருக்கும் கற்பிப்பவருக்கும் ஒரே சொல்தான்: ஆசிரியர். முதல் ஆசிரியன் தண்டனைக்காக உயிர்ப்பிக்கப்படுகிற இதே நேரத்தில் இரண்டாவது ஆசிரியன், அதாவது வாசிக்க வேண்டியவன், சத்தமில்லாமல் காணாமல் போய்க்கொண்டிருக்கிறான். இந்த இரண்டாவது மரணத்தைப் பற்றி எந்த நெறிமுறையும் பேசுவதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு ஆய்வு மாணவி தூத்துக்குடிப் பக்கம் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்கிறார். அவருடைய அம்மாவும் அளத்தில் வேலை பார்த்தவர். பள்ளிப் படிப்பு தமிழ்வழி, ஆய்வேடு ஆங்கிலத்தில். நேர்காணல்களை அவர் தமிழில் எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். பாத்தியும் உப்பு வாரலும் கண்ணைக் கூசும் வெயிலும் அப்படியே இருந்தன. ‘உப்புத் தண்ணில நின்னு நின்னு காலு வெடிச்சுப் போச்சு’ என்று ஒரு பெண் சொல்கிறார். இயந்திரம் தந்த ஆங்கிலத்தில் அது ‘தொழில்சார் உடல்நலச் சவால்கள்’ என்று ஆகியிருந்தது. பத்திக்குப் பத்தி ‘சவால்’, ‘மீள்திறன்’. மாணவி சொன்னார்: ‘நானா எழுதுனா இங்கிலீஷ் தப்புன்னு சிரிக்காங்க. மெஷின்ல போட்டா திருட்டுன்னு சொல்லுதாங்க. நான் எதத்தான் சார் செய்ய?’ இந்தக் கேள்விக்கு ‘பொறுப்புடன் பயன்படுத்துங்கள்’ என்பது பதில் இல்லை. அவர் இயந்திரத்தைப் பயன்படுத்தியது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. ஆங்கிலம் வாய்த்தவர்கள் காலகாலமாக அண்ணனிடமும் மாமாவிடமும் கொடுத்துத் திருத்தி வாங்கியதைத்தான் அவர் இதனிடம் கேட்டார். இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வெடித்த கால் சவாலாக மாறியதைப் பார்த்து, ‘ஏம்மா, இது என்ன?’ என்று கேட்க வேண்டிய நெறியாளர் இரண்டு பிரதிகளில் எதையும் படிக்கவில்லை. பர்சன்டேஜ் எவ்வளவு என்று மட்டும் கேட்டிருக்கிறார். (அந்தப் பெண்களின் குரல்பதிவுகளை அவர்களைக் கேட்காமல் ஏதோ ஒரு நிறுவனத்தின் இயந்திரத்துக்குள் ஏற்றலாமா என்பது தனியான, பெரிய கேள்வி. அதையும் யாரும் கேட்கவில்லை.)

தமிழ்த்துறைகளில் நிலைமை வேறு மாதிரி. பழைய எழுத்துரு ஆய்வேடுகளும் படமாக வருடிப் போட்ட பக்கங்களும் மென்பொருளின் கண்ணுக்குச் சரியாகத் தெரியாததால் ஒப்புமைச் சதவீதமே இங்கே அரைகுறை. இயந்திரத்திடம் குறுந்தொகைப் பாட்டு ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். பாட்டு எண், புலவர் பெயர், திணை, கூற்று எல்லாம் போட்டு, சங்கத்தில் இல்லவே இல்லாத ஒரு பாட்டைத் தந்தது. ஞாழலும் புன்னையும் அதில் சரியாகவே பூத்திருந்தன. எந்தக் கருவியும் இதைத் திருட்டு என்று பிடிக்காது, திருடப்பட்டவர் என்று யாரும் இல்லையே. உ.வே.சா. 1937இல் பதிப்பித்த குறுந்தொகையை எடுத்துப் புரட்டுகிற ஒருவர்தான் பிடிக்க முடியும்.

வெளிப்படைத்தன்மை வேண்டும், எதற்குப் பயன்படுத்தினேன் என்று மாணவர் அறிவிக்க வேண்டும் என்கிறார்கள். நல்லதுதான். நமக்கு இது புதிதும் அல்ல. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பிரித்து, தொகுப்பதையும் விரிப்பதையும் மொழிபெயர்ப்பதையும் ஒளிக்க வேண்டிய காரியமாகக் கருதாத மரபு இது. ஆக்கியவர் பெயரோடு நூல் எந்த வழியில் வந்தது என்பதையும் பாயிரத்தில் சொல்லக் கேட்கிறது நன்னூல். அதைவிட எனக்குப் பிடித்தது, தன் நூலுக்குத் தானே பாயிரம் எழுதிக்கொள்ளக் கூடாது என்பது. ஆசிரியரோ உடன் கற்றவரோ மாணவரோ உரைகாரரோ சொல்ல வேண்டும். அதாவது படித்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தை அதங்கோட்டாசான் குற்றம் கண்டுபிடிக்கவே உட்கார்ந்து கேட்டார், ஒவ்வொன்றுக்கும் தொல்காப்பியர் விடை சொன்னார் என்று நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். அந்த அவைக்குள் யார் விடப்பட்டார்கள், யார் வாசலில் நின்றார்கள் என்று கேட்காமல் இந்தப் பெருமையைச் சும்மா தூக்கிக்கொண்டு ஆட முடியாது. என்றாலும் கதையில் ஒரு விஷயம் இருக்கிறது: குற்றம் சொல்ல வந்தவர் முழுதாகக் கேட்டார்.

வாசிக்க நேரம் எங்கே இருக்கிறது என்பார்கள். 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் முனைவர் பட்டத்துக்கு வழிகாட்டலாம். எட்டுப் பேரின் அத்தியாயங்களை ஆண்டில் இரண்டு முறை படிப்பது மலையைத் தூக்குவதல்ல. பேராசிரியரே நியமிக்கப்படாமல் துறைகள் காலியாகக் கிடப்பதும், கௌரவ விரிவுரையாளர்கள் தலையில் வகுப்புச் சுமை முழுவதும் இறங்குவதும் உண்மையான தடைகள். அவற்றைப் பற்றிப் பேசாமல் கண்டறியும் மென்பொருளுக்குச் சந்தா கட்டுவது சுலபம்.

வாய்மொழித் தேர்வைப் பலப்படுத்தினால் போதும் என்கிற நண்பர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. நேரில் கேட்டால் யார் யோசித்தார்கள் என்பது தெரிந்துவிடும். ஆனால் நம் வாய்மொழித் தேர்வு அறையில் ஆங்கிலமும் சாதியும் நெறியாளர்களின் பழைய பகையும் ஏற்கனவே வந்து உட்கார்ந்திருக்கின்றன. உப்பளத்து மாணவி அங்கே இயந்திரத்தின் ஆங்கிலத்துக்குத் தன் நாக்கால் பதில் சொல்ல வேண்டும். ஆங்கில ஆய்வேட்டுக்கும் தமிழில் பதில் சொல்லலாம், நேர்காணல்களின் தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பாகக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று இரண்டு வரிகள் அந்த நெறிமுறையில் இருக்கட்டும். பின்னிணைப்பைப் படித்துவிட்டு வருகிற தேர்வாளரை யார் எங்கிருந்து கொண்டுவருவது என்பதைப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம்.