செப்டம்பர் மாதத்து வேகம்

ஒலிம்பிக் பந்தயங்களில் ஒன்பது பதக்கங்கள் பெற்றும், அவற்றில் ஒன்றேனும் தங்கமாக அமையாத காரணத்தால், ‘வெண்கல ராணி’ என்று பத்திரிகைகள் சூட்டிய பட்டத்தை ஆயுள் முழுவதும் சுமக்க நேர்ந்தவர் ஜமைக்கா தேசத்து ஓட்டக்காரி மெர்லீன் ஓட்டி. மூன்று வெள்ளி, ஆறு வெண்கலம் என்ற கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கிலிருந்து, முக்கியமான தருணத்தில் மனம் தளர்ந்துவிடுபவர் என்றோர் அபிப்பிராயம் கிளைத்து இன்றளவும் உலவி வருகிறதே, அதை அவருடைய ஓட்டங்களின் நேரக் குறிப்புகளோடு வைத்துப் பரிசீலிப்பது நியாயம் என்று கருதுகிறேன்.

ஜமைக்கா தீவின் மேற்கே, ஹனோவர் வட்டாரத்துக் கோல்டு ஸ்பிரிங் கிராமத்தில் 1960-ஆம் வருஷம் பிறந்த அவர், அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பயின்று வந்த காலத்தில், 1980-இல் மாஸ்கோ சென்று 200 மீட்டரில் மூன்றாவதாக வந்து, ஆங்கிலம் பேசும் கரீபியத் தீவுகளிலிருந்து ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் பெண்மணி என்ற கீர்த்திக்கு உரியவரானார். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸில் மேலும் இரண்டு வெண்கலங்கள். 1988-இல் சியோலில் 200 மீட்டரை 21.99 வினாடியில் ஓடியும் நான்காம் ஸ்தானமே கிடைத்தது. அன்று ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் ஓடிய 21.34 வினாடி இன்றும் உலக சாதனையாக நிற்கிறது.

விஷயத்தின் மையம் இதற்குப் பின்னர்தான் வருகிறது. 1991-ஆம் வருஷம் டோக்கியோ உலகப் போட்டிக்கு அவர் போனபோது, 100 மீட்டரில் தொடர்ந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட வெற்றிகளைக் குவித்திருந்தார். ஆகஸ்டு இறுதியில், பலத்த எதிர்க்காற்றில் நடந்த 100 மீட்டர் இறுதி ஓட்டத்திலும், அதைத் தொடர்ந்த 200 மீட்டரிலும் ஜெர்மனியின் காத்ரின் கிராபே வெல்ல, ஓட்டிக்கு இரண்டிலும் மூன்றாம் இடம். இரண்டே வாரம் கழித்து, செப்டம்பரில், பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் அதே 200 மீட்டரை அவர் 21.64 வினாடியில் ஓடி முடித்தார். டோக்கியோவில் தங்கம் வென்ற நேரமோ 22.09! ஐந்து வருஷத்துக்குப் பிறகு இதே கதை மறுபடியும் நிகழ்ந்தது. அட்லாண்டா ஒலிம்பிக்கின் 100 மீட்டரில் கெயில் டீவர்ஸும் அவரும் ஒரே 10.94 வினாடியில் கோட்டைக் கடக்க, படம் பார்த்துத் தங்கம் டீவர்ஸுக்கு என்று நிர்ணயித்தார்கள். அதே செப்டம்பரில், மிலான் நகரத்தில் ஓட்டி 10.74 வினாடியில் ஓடினார். அதுதான் அவர் வாழ்நாளின் அதிவேக ஓட்டம். அப்போது அவருக்கு வயது 36.

இந்த வேற்றுமைக்கு மனத்தைக் காரணம் காட்டுவது சுலபம். தேகத்தையும் அட்டவணையையும் பார்ப்பதே சரியான அலசல். மிலானிலோ பிரஸ்ஸல்ஸிலோ ஒரு மாலையில் ஓர் ஓட்டம் ஓடினால் போதும். அக்காலத்து ஒலிம்பிக்கிலோ 100, 200 இரண்டிலும் இறுதிவரை செல்பவர் ஒவ்வொன்றுக்கும் நான்கு சுற்றாக எட்டு முறை ஓட வேண்டியிருந்தது. ஓட்டி பெரும்பாலும் இரண்டையும் ஏற்றார். அதோடு, குத்துக்காலிட்ட நிலையிலிருந்து எழும் முதல் இருபது மீட்டரில் அவர் டீவர்ஸைப் போல் வெடித்துப் பாய்பவர் அல்லர்; நீண்ட அடிகளால் பிற்பாதியில் எட்டிப் பிடிப்பவர். கடைசிப் பத்து மீட்டரை நம்பி வாழ்பவருக்கு, பல சுற்றுகள் ஓடிய களைப்பு அந்தப் பத்து மீட்டரில்தான் வந்து சேரும். டீவர்ஸும் அட்லாண்டாவில் தடை ஓட்டத்தையும் சேர்த்து ஓடியவரே ஆதலால், இந்த விளக்கம் முழுவதையும் தீர்த்துவிடுகிறது என்று நான் வாதாடமாட்டேன். ஆனால் மனத்தளர்ச்சி என்னும் குற்றச்சாட்டைவிட இதற்கு ஆதாரம் அதிகம்.

அந்தக் குற்றச்சாட்டுக்கு நேர் விடை 1993-இன் ஸ்டுட்கார்ட் உலகப் போட்டி. நூறு மீட்டரில் டீவர்ஸுக்கும் அவருக்கும் 10.82; தலையையோ காலையோ விடுத்து நடுவுடல் கோட்டை எட்டிய கணத்தையே கணக்கில் கொள்ளும் விதிப்படி, ஓட்டி வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிந்தினார் என்று தீர்ப்பாயிற்று. ஜமைக்கா முறையிட்டும் பலனில்லை. பரிசளிப்பின்போது அரங்கிலிருந்த ஜனங்கள் எழுந்து நின்று, வென்றவருக்கு அல்ல, ஓட்டிக்கு நெடுநேரம் கரகோஷம் செய்தார்கள். சில தினங்கள் கழித்து, அவ்வளவு கசப்பையும் விழுங்கிக்கொண்டு, அவர் 200 மீட்டரை 21.98 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். தளர்ந்த மனத்துக்கு இது சாத்தியமா?

2000-ஆம் வருஷத்து சிட்னி விவகாரத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. முந்தின வருஷம் நாண்ட்ரலோன் சோதனையில் சிக்கி, பின்னர் நடுவர் மன்றத்தால் தடை நீங்கப் பெற்ற ஓட்டி, தகுதிப் போட்டியில் நான்காவதாக வந்தும், பீட்டா-கே டௌடியை விலக்கி 100 மீட்டரில் சேர்க்கப்பட்டார். சக வீரர்கள் ஒலிம்பிக் கிராமத்திலேயே எதிர்ப்புக் காட்டினார்கள். டௌடிக்கு இழைக்கப்பட்டது அநீதி. ஆனால் அந்த அநீதி தேர்ந்தவர்களுடையது, தேர்வானவருடையது அல்ல. நாற்பது வயதில் 11.19 வினாடியில் நான்காவதாக வந்த அவருக்கு, மாரியன் ஜோன்ஸின் பதக்கம் பறிக்கப்பட்ட பின், 2009-இல் வெண்கலம் வந்து சேர்ந்தது. தொடர் ஓட்டத்தில் அவரோடு வெள்ளி வென்ற பதினெட்டு வயது வெரோனிகா காம்பெல்லோ, 2004-இலும் 2008-இலும் 200 மீட்டர் தங்கத்தையே வென்றார்.

பிறகு ஸ்லோவேனியாவின் பிரஜையாகி, 2004-இல் ஏதென்ஸில் தம் ஏழாவது ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை சென்றதும், 2012-இல் ஐம்பத்திரண்டு வயதில் ஹெல்சிங்கியில் ஐரோப்பியப் போட்டியின் தொடர் ஓட்டத்தில் ஓடியதும் பலரும் அறிந்தவை. விசித்திரம் என்று அவற்றைப் பேசுகிறவர்கள், 1993 பிப்ரவரியில் பிரான்சின் லியவான் நகரத்தில் நிகழ்ந்ததை அவ்வளவாகக் குறிப்பிடுவதில்லை. உள்ளரங்கின் குறுகிய தடத்தில், கூர்மையான வளைவுகள் ஓடுபவரை வெளியே தள்ளும். நெட்டையான ஓட்டக்காரர்களுக்கு அது பரம சங்கடம். அங்கே ஓட்டி 200 மீட்டரை 21.87 வினாடியில் முடித்தார். உள்ளரங்கில் 22 வினாடிக்குள் ஓடிய முதல் பெண் அவரே. முப்பது வருஷத்துக்கு மேலாகியும் அந்த உலக சாதனை முறியடிக்கப்படவில்லை.