இரண்டு பதிவுகள்

‘போத் சைட்ஸ் நௌ’, வாழ்ந்து சலித்தவர் பேசுவதுபோன்ற பாடல். ஜோனி மிச்செல் தாமே எழுதிய இதை 1969இல் வெளிவந்த தட்டில் பாடியபோது அவருக்கு வயது 25. 2000இல், 56ஆம் வயதில், பெரிய வாத்தியக் குழுவுடன் மீண்டும் பாடினார். சுருதி இறங்கி, குரல் கனத்திருந்தது.

இருபதுகளில் எனக்கு இரண்டாவது பதிவே உயர்வாகப் பட்டது. அனுபவத்தின் சாட்சியம் என்று. முப்பதுகளில் முதல் பதிவையே நாடுகிறேன். வாழாததை ஒற்றைக் கிதாருடன் ஊகித்துச் சொல்லும் துணிச்சல் அதில்தான் இருக்கிறது.

ரசனை முதிர்கிறது என்பது விமர்சகர்களுக்குச் சௌகரியமான நம்பிக்கை. எனக்கென்னவோ அது தன்னிடம் இல்லாததைத் தேடிப் போவதாகவே தோன்றுகிறது. அன்று என்னிடம் அனுபவம் இல்லை. இன்று துணிச்சல் குறைந்துவருகிறது. நாம் எழுதும் மதிப்புரைகளையும் இந்தச் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டும்.