அண்ணாந்து பார்க்க ஒரு கூரை

பூந்தமல்லியில் பழைய மாடி வீட்டுக்குள் போனால் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மர உத்தரங்களின் மேல், ஓர் அங்குலத் தடிமனே உள்ள சின்னச் செங்கற்கள் சாய்வரிசையாகக் குத்திட்டு நெருங்கி நிற்கும். இதுதான் மெட்ராஸ் டெரஸ். கம்பி கிடையாது, சிமெண்ட் கிடையாது. சூளைச் செங்கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்பும்தான். ஒரு வரிசை அடுத்த வரிசைக்குத் தோள் கொடுக்கும்.

மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள்.

ஆவடி, அம்பத்தூர் கான்கிரீட் மாடிகளில் ராத்திரியும் அனல் இறங்கும்போது, அந்தப் பழைய வீட்டுக் கூடத்தின் குளிர்ச்சியின் அருமை தெரிகிறது. அப்படியொரு வீட்டை இடிப்பதற்கு முன், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுங்கள்.