பொடியாகும் மலை: ஆய்வக அரவையின் தகுதியும் குறையும்

சேர்வராயன் மலையிலிருந்து ஆய்வகத்துக்குச் செல்லும் பொருள் பாறையாயினும், பாக்சைட் கட்டியாயினும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து மண்ணாயினும், அமிலமோ எக்ஸ் கதிரோ அதைத் தொடுவதற்கு முன்னரே அது உலர்த்தப்பட்டு, உடைபட்டு, அரைபட்டு, சல்லடையில் சலிக்கப்படுகிறது. பாடநூல்கள் இவ்வேலைகளை ‘மாதிரித் தயாரிப்பு’ என்ற பெயரில் ஓரிரு பத்திகளில் முடித்துவிட்டு, பகுப்பாய்வு அதன் பின்னரே தொடங்குவதாகக் கொள்கின்றன. அரவை பொருளின் அளவைக் குறைப்பதோடு நில்லாமல் அதன் வேதியியலிலும் கைவைக்கிறது என்பதை இந்தப் பிரிவினை மறைத்துவிடுகிறது. கடும்பாறையும் மென்தாதும் சரளை மண்ணும் ஒரே மலையில் அடுத்தடுத்துக் கிடப்பதால், இவ்வழக்கத்தை எடைபோட்டுப் பார்ப்பதற்குச் சேர்வராயன் மலை ஏற்ற களமாகிறது.

அரவையின் தேவையை மறுப்பதற்கில்லை. பல கிலோ எடையுள்ள பாறையிலிருந்து பகுப்பாய்வுக்கு எடுக்கப்படுவது பெரும்பாலும் 1 கிராமுக்கும் குறைவாதலால், அந்தச் சிட்டிகை முழுப் பாறையின் சார்பாகவும் பேச வேண்டியிருக்கிறது. 2 மி.மீ. குறுக்களவுள்ள குவார்ட்ஸ் மணிகள் 1 கிராமில் ஏறத்தாழ 90 மட்டுமே அடங்கும், அவற்றை 0.2 மி.மீ. ஆக்கினால் அதே எடையில் 90,000 மணிகளும், 75 மைக்ரான் ஆக்கினால் சுமார் 17 லட்சம் மணிகளும் இடம்பெறும். அரிய கனிமம் ஒன்றின் மணி தற்செயலாகக் கூடினாலோ குறைந்தாலோ, 90 மணிகளுக்குள் முடிவு ஒரு விழுக்காட்டுக்கு மேல் ஆடிவிடும். 17 லட்சத்துக்குள் அந்த ஆட்டம் தெரியவே தெரியாது. மாதிரியெடுப்புக் கோட்பாட்டை 1950-களில் வகுக்கத் தொடங்கிய பிரெஞ்சு வேதியியலர் பியர் ஜீ, இவ்வகைப் பிழையின் சிதறல் மணியின் குறுக்களவின் முப்படிக்கு ஏற்ப வளர்கிறது என்று காட்டினார். நுண்ணிய பொடி அமிலத்தில் விரைவாகவும் முழுமையாகவும் கரைகிறது என்ற பயனும் இதனுடன் சேர்கிறது. ஒரு பாறையில் சிலிக்கா மொத்தம் எவ்வளவு, கால்சியம் மொத்தம் எவ்வளவு என்ற கேள்விகளுக்கு நன்றாக அரைப்பதே சரியான வழி.

கேள்வி மாறும்போதுதான் சிக்கல் எழுகிறது. சேர்வராயன் மலைத்திரளின் உடல் சார்னோகைட் என்னும் பாறை. தாமஸ் ஹாலந்து 1893-ல் பெயரிட்டு விவரித்த இப்பாறையில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் ஆகியவற்றோடு ஹைபர்ஸ்தீன் என்ற கனிமமும் உண்டு. அதிலுள்ள இரும்பு பெரும்பாலும் ஃபெரஸ் நிலையில், அதாவது மேலும் ஆக்சிஜனேற்றம் பெற இடமுள்ள நிலையில் இருக்கிறது. அமெரிக்க வேதியியலர் வில்லியம் ஹில்லபிராண்ட் 1908-லேயே எச்சரித்தபடி, பாறையை மிக நுண்மையாக அரைக்கும்போது புதிதாகத் திறக்கும் பரப்புகளில் காற்று பட்டு ஃபெரஸ் இரும்பின் ஒரு பகுதி ஃபெரிக் இரும்பாக மாறுகிறது. பொடியும் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. சேர்வராயன் பாறைகளைப் பொறுத்தவரை இது சிறு விஷயமன்று. ஏனெனில் இம்மலைத்திரளின், சார்னோகைட் உள்ளிட்ட கிரானுலைட் பாறைகள் மிகுந்த ஆக்சிஜனேற்ற நிலையில் இருப்பதுதான் ஹார்லோவ், நியூட்டன் முதலியோர் 1997-ல் வெளியிட்ட ஆய்வின் மையப் பொருள். அவர்கள் அதைப் பாறையிலுள்ள ஆக்சைடு, சல்ஃபைடு கனிமங்களைத் தனித்தனியே நோக்கி ஆராய்ந்தார்கள். அதே கேள்வியை அரவை ஆலையின் பொடியிடம் கேட்டால், மலையின் ஆக்சிஜனேற்றம் எது, ஆலை சில நிமிடங்களில் சேர்த்தது எது என்று பிரிப்பது கடினம். ஆல்கஹால் ஊற்றி அரைப்பது, சற்றுப் பருமனாகவே நிறுத்திக்கொள்வது ஆகியவை பழகிய மாற்றுகள். ஆயினும் பருமனான பொடி அமிலத்தில் மெதுவாகக் கரைவதால், அந்த நேரத்துக்குள் காற்று புகுந்துவிடும் அபாயம் வேறு திசையிலிருந்து வந்து சேர்கிறது.

கனிமங்களின் கடினம் ஒன்றுபோல் இல்லாதது மற்றொரு குறை. மென்மையானது முதலில் தூளாகிச் சல்லடையில் இறங்க, கடினமான குவார்ட்ஸ் மணியும், உடைவதற்குப் பதிலாக வழுக்கிச் செல்லும் அப்பிரகத் தகடும் மேலே தங்குகின்றன. தங்கியதைத் தட்டி எறிந்துவிட்டு இறங்கியதை மட்டும் சோதிக்கும் பணியாளர், தம்மை அறியாமலே பாறையின் இயைபை மாற்றிவிடுகிறார். கடைசித் துகளும் இறங்கும்வரை மீண்டும் அரைப்பது சலிப்பூட்டும் வேலை. பிழை பெரும்பாலும் அந்தச் சலிப்பில்தான் நுழைகிறது.

மலையின் உயர்ந்த மேட்டு நிலங்களில், சார்னோகைட் நெடுங்காலம் சிதைந்து உண்டான பாக்சைட் தொப்பி போலக் கவிந்திருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் தாது சென்றது. இதில் முதன்மையான கனிமம் கிப்சைட். அதன் எடையில் 65.4 விழுக்காடு அலுமினாவும் 34.6 விழுக்காடு நீரும் ஆகும். அந்த நீர் படிகத்தோடு பிணைந்தது. நெடுநேரம் அரவை ஆலையில் அடிபட்டால் படிகத்தின் ஒழுங்கு குலைந்து நீரின் பிணைப்பும் தளர்கிறது. ஈரப்பதம் காண்பதற்காக 105 பாகையில் உலர்த்தும்போதே படிக நீரில் ஒரு பங்கு போய்விடக்கூடும். அப்போது உலர் எடைக்கணக்கே பிசகுகிறது. அரைக்கும் கலத்தின் பொருளும் இங்கே கணக்கில் வருகிறது. தூய்மைக்குப் பெயர்பெற்ற அகேட் கல்வம் சிலிக்காவால் ஆனது. எஃகுக் கலம் இரும்பையும் குரோமியத்தையும், டங்ஸ்டன் கார்பைடு கலம் டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் பொடியில் விடுகின்றன. தாதின் விலையைக் குறைக்கும் சிலிக்காவை அளப்பதே நோக்கமானால், பாதிக்குப் பாதி அலுமினாவாக உள்ள தாதை அலுமினாக் கலத்தில் அரைப்பதே குறைந்த கேடு. பெருங்கடலில் ஒரு குடம் நீர் கூடினால் யாருக்கும் தெரியாது. கறையே படியாத கலம் என்று ஒன்று கிடையாது. தேடாத பொருளைக் கறையாக விடும் கலமே நல்ல கலம்.

தோட்டத்து மண்ணில் நிலைமை இன்னும் நுட்பமானது. நிழலில் உலர்த்திய மண்ணை மரச்சுத்தியால் தட்டி 2 மி.மீ. சல்லடையில் சலிக்க வேண்டும் என்பதும், அங்ககக் கரிமம் காண்பதற்கு 0.5 மி.மீ. அளவுக்கு மேலும் நுண்மையாக்க வேண்டும் என்பதும் வழங்கிவரும் விதிகள். இரும்புச் சுத்தியும் பித்தளைச் சல்லடையும் நுண்ணூட்டச் சோதனைக்கு ஆகா. பித்தளை என்பதே செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். மரச்சுத்தி என்ற விதியின் உட்கருத்து கட்டியை உடை, கல்லை உடைக்காதே என்பது. ஏற்காட்டின் சரளை மண்ணில் இந்த வேறுபாடு எளிதில் கைகூடுவதில்லை. இரும்பும் அலுமினியமும் இறுகித் திரண்ட செந்நிற உருண்டைகள் மிளகளவிலும் பட்டாணியளவிலும் மண்ணோடு கலந்து கிடக்கின்றன. காய்ந்த களிமண் கட்டியும் அவையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஓங்கி அடிக்கும் கையில் உருண்டை நொறுங்கி, அதன் உட்புற இரும்பு வெளிப்படுகிறது. லிண்ட்சேயும் நார்வெலும் 1978-ல் வெளியிட்ட, டிடிபிஏ என்ற வேதிப்பொருளைக் கொண்ட சோதனை முறை, பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய இரும்பை அளக்க வந்தது. நொறுங்கிய உருண்டையின் இரும்பையும் அது சேர்த்தே எண்ணுகிறது, ஆனால் காப்பிச் செடியின் வேருக்கு அந்த இரும்பு எட்டுவதில்லை. மென்மையாக அடிக்கும் கையில் உருண்டைகள் சல்லடை மேலேயே தங்கி எறியப்படுகின்றன. எறிவது முறையே, எறிந்ததன் எடையைக் குறிக்காமல் விடுவதுதான் தவறு. எடையில் கால் பங்கு சரளையாக உள்ள நிலத்தில், சலித்த மண்ணின் சத்தை முழு நிலத்துக்கும் பெருக்கினால், கணக்கு உண்மையைவிட மூன்றில் ஒரு பங்கு மிகையாகும்.

இதே தோட்டங்களிலிருந்து வரும் இலை மாதிரிக்கும் மிளகுக்கும் சுருக்கமாகச் சொன்னால் போதும். இலையில் நரம்பும் நாரும் கடைசியில் பொடியாவதால் அவற்றைக் கழிக்கக் கூடாது. மிளகில் அரவைச் சூட்டோடு வாசனை எண்ணெயும் பறந்துவிடுவதால் குளிர்வித்தே அரைக்க வேண்டும்.

அரைப்பையே முறையாகப் பதிவுசெய்யும் மரபும் உண்டு: சித்த மருத்துவத்தின் பற்ப, செந்தூரச் செய்முறைகளில் எந்தச் சாறு விட்டு எத்தனை சாமம் கல்வத்தில் அரைப்பது என்பது மருந்தின் விதியாகவே சொல்லப்படுகிறது. அரைப்பு அங்கே மருந்தை ஆக்கும் வினை. அந்த நூல்களின் வேதியியலை எவ்வாறு மதிப்பிட்டாலும், அரைப்பை எழுதிவைக்கும் பழக்கத்தில் அவை இன்றைய ஆய்வக அறிக்கைகளுக்கு முன்னே நிற்கின்றன. மொத்த இயைபைக் காண்பதற்கு அரவை ஏற்ற கருவியாகவும், பொருள் இருந்த நிலையைக் காண்பதற்கு ஐயத்துக்குரிய கருவியாகவும் இருப்பதால், கலம் எது, காலம் எவ்வளவு, சல்லடைத் துளை எவ்வளவு, எறிந்தது எவ்வளவு என்ற நான்கும் முடிவோடு சேர்த்தே அச்சிடப்பட வேண்டும். 2015-ல் தொடங்கிய திட்டத்தின்படி உழவர்களுக்கு வழங்கப்படும் மண்வள அட்டையில் 12 அளவைகளுக்குக் கட்டங்கள் உள்ளன; மண் எவ்வாறு பொடிக்கப்பட்டது என்பதற்குக் கட்டம் இல்லை.